விளையாடுவதற்கு இல்லையாம், பார்ப்பதற்காம்

மைசூரில் குடியிருந்துகொண்டு ஒரு சீட்டுக்கட்டு கிடைக்கவில்லை என்று புலம்ப வேண்டியிருக்கிறது. ரம்மிச் சீட்டைச் சொல்லவில்லை. அது தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். நான் தேடுவது கஞ்சிஃபா. இந்த ஊரை ஆண்ட ராஜாவே உட்கார்ந்து வகுத்த ஆட்டம், இந்த ஊர்த் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஆட்டம், இந்த ஊர்ச் சித்திரக்காரர்கள் கையால் வரைந்த சீட்டு. பிள்ளைகள் தரையில் பரப்பி, சண்டை பிடித்து, அழுக்காக்கி ஆடும்படியான ஒரு கட்டு வேண்டும். எப்படி ஆடுவது என்று எழுதிய ஒரு தாளும் கூடவே வேண்டும். கேட்டது இவ்வளவுதான். சயாஜி ராவ் ரோட்டிலும் தேவராஜ அரசு ரோட்டிலும் ஏறி இறங்காத கடை இல்லை. எங்குமே இல்லை.

கேட்டது என் பேரனுக்காக. போன் கையில் கிடைத்தால் அவன் திறப்பது கிளாஷ் ராயல். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருக்கும் சூப்பர்செல் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட விளையாட்டு. எட்டுச் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன், ஒரு பூதம், ஒரு மந்திரம், இப்படி ஏதாவது ஒன்று. எதை எப்போது இறக்குவது என்பதில்தான் மூளை இருக்கிறது. அவனுக்குப் பிடித்த சீட்டை எனக்குக் காட்டினான். ஆரஞ்சு நிறத் தலைமுடி, கையில் இரட்டைப் பக்கக் கோடரி, பயம் என்பதே தெரியாத முகம். "இவதான் வால்கிரி, பாட்டி. நாலு எலிக்ஸிர். எலும்புக்கூட்டுப் படை மொத்தமா வந்துச்சுன்னா இவளை நடுவுல இறக்கிடணும். கோடரிய வெச்சு ஒரே சுத்து. எல்லாம் காலி."

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பொய் சொல்வானேன்? இளவரசன் வந்து காப்பாற்றக் காத்திருக்கும் பொம்மை இல்லை அவள். படையின் நடுவில் தனியாகப் போய் நிற்கிறாள். ஆனால், இவள் யார், எந்த ஊர்க்காரி என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியவில்லை. நான் தேடிப் படித்துச் சொன்னேன். வடக்கே நார்வே, ஐஸ்லாந்து பக்கத்து மக்களின் பழங்கதைகளில் வருகிறவள். அவர்களுடைய பெரிய கடவுள் ஓடின். போர்க்களத்தில் யார் சாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவும், செத்தவர்களில் சிறந்தவர்களை வல்ஹல்லா என்னும் மண்டபத்துக்கு அழைத்துப்போகவும் அவன் அனுப்பும் பெண்கள் இவர்கள். அங்கே போன வீரர்களுக்கு மதுவை ஊற்றிக் கொடுப்பதும் இவர்கள்தான். செத்தவர்களில் பாதிப்பேர் ஓடினுக்கு, பாதிப்பேர் ஃப்ரேயா என்ற தேவிக்கு என்று ஒரு பங்கீடுகூட உண்டு. ஸ்னோரி ஸ்டர்லசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதைகளைத் தொகுத்து எழுதிவைத்தார். அப்போது அந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கும்பிடுவதை நிறுத்திவிட்ட தெய்வங்களின் கதையைக்கூட ஒருவர் அக்கறையாக எழுதிவைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப் போகிறது. நாம் இன்றும் கும்பிட்டுக்கொண்டிருக்கும் தெய்வத்தின் ஆட்டத்தை எழுதிவைத்த பிறகும் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கதைகளிலேயே கொடூரமான ஒரு காட்சியும் உண்டு. அயர்லாந்தில் 1014-இல் நடந்த குளோன்டார்ஃப் போரை ஒட்டி, வால்கிரிகள் ஒரு குடிசைக்குள் தறி போட்டு நெய்கிறார்கள். நூலுக்குப் பதில் மனிதக் குடல், பாரத்துக்குத் தொங்கவிட்டது மனிதத் தலைகள். எந்தப் பக்கம் வெல்லும் என்பதை அந்த நெசவுதான் முடிவு செய்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் செயங்கொண்டாரின் பரணிதான் நினைவுக்கு வந்தது. கலிங்கப் போர்க்களத்தில் காளியின் பேய்கள் கூழ் காய்ச்சும் இடத்தைத் தமிழ் படித்த யாரும் மறக்க மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் அடுப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்துக் கற்பனை.

பேரன் கேட்டான்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி யாரும் இல்லையா பாட்டி?"

சாமுண்டி மலை தெரியும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான்! அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் பார்க்கும் சாமுண்டி தசராவில் யானைமேல் தங்க அம்பாரியில் போகிறவள், காலண்டரில் இருக்கிறவள், பரீட்சைக்கு முன்னால் கும்பிட வேண்டியவள். அவளை ஒரு போராளியாக, இன்ன ஆயுதம், இன்ன வாகனம், இன்னாரை எதிர்த்து இன்ன வித்தை என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. மலைமேல் ஒரு கையில் வாளும் மறு கையில் பாம்புமாக நிற்கும் மகிஷாசுரன் சிலை மட்டும்தான் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதன் முன்னால்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். கதையில் தோற்றவனைத் தெரிந்திருக்கிறது, வென்றவளின் வீரம் தெரியவில்லை.

அந்த வாரமே அவனுக்கு வீரக்கல்லைக் காட்டினேன். மைசூர், மண்டியா பக்கம் ஏரிக்கரையிலும் கோயில் வாசலிலும் இவை நிற்கும். ஊர்க்காரர்கள் வீரகல்லு என்பார்கள். நம் நடுகல்தான். பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை: குதிரை, வில், மாட்டு மந்தை, வெட்டுப்பட்டு விழுந்தவர்கள். நடு அடுக்கைத்தான் பேரனைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் தேவலோகப் பெண்கள் நின்று, நடுவில் செத்த வீரனைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் கைலாசத்தில் லிங்கத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் பார்த்த கல்லில் மழையும் எண்ணெயும் பட்டு முகங்கள் தேய்ந்திருந்தன. ஆனால் வீரனின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கும் அந்தப் பிடி மட்டும் தெளிவாக இருந்தது. பையன் விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்களும் வால்கிரிதானே?" என்றான். ஆமாம் கண்ணா, அதே வேலைதான். கோடரி மட்டும் இல்லை.

ஆதகூர் கல்லைப் பற்றிச் சொன்னபோது அவனுக்குத் தூக்கமே வரவில்லை. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டு வீரக்கல் அது, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 949-இல் தக்கோலத்தில் நடந்த போரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. நம் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட போர். கங்க அரசன் பூதுகனின் பக்கத்தில் நின்று சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனுக்கு அரசன் பரிசு கொடுக்க முன்வந்தபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் பின்னொரு நாள் காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியைக் கொன்று தானும் செத்துப்போனது. அதற்காக எழுப்பிய கல்தான் அது. நாயும் பன்றியும் மோதுவதை மேலே செதுக்கியிருக்கிறார்கள். "காளிக்கு ஒரு கார்டு இருந்தா நல்லாயிருக்கும்" என்றான். ஒரு குழந்தையின் வாயிலிருந்து இயல்பாக வந்த சொல் அது. நாயைப் பற்றிப் பாடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் சொல்லவில்லை. மியூசியம் போகலாம் என்றும் சொல்லவில்லை. கையில் பிடித்து ஆட ஒரு சீட்டு வேண்டும் என்றான்.

அந்தச் சீட்டு ஏற்கெனவே இந்த ஊரில் பிறந்திருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1794-இல் பிறந்தவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டதும், ஐந்து வயதுக் குழந்தையாக அவரை ஆங்கிலேயர்கள் சிம்மாசனத்தில் உட்கார்த்தினார்கள். 1831-இல் நிர்வாகத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு 1868-இல் இறக்கும்வரை பட்டம் மட்டும் அவருக்கு. அந்த மனிதர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நூல்கள் எழுதுவித்தார். சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டு வரும் வழிகளைக் கணக்கிட்டார். கூடவே, கஞ்சிஃபா என்ற பழைய சீட்டாட்டத்தை எடுத்து, அதைத் தன் ஊருக்கும் தன் தெய்வத்துக்கும் ஏற்றபடி பிரித்துப் பிரித்துப் புதிய ஆட்டங்களாக்கினார். சத் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொரு ரகத்திலும் எண் சீட்டு 12, அரசவைச் சீட்டு 6 என்பது பொதுவான அமைப்பு. ஒரு சில கட்டுகளில் 18 ரகங்கள், மொத்தம் 360 சீட்டு வரை போகும். நிரந்தரத் துருப்புச் சீட்டு, எதற்கும் பொருந்தும் சீட்டு என்று இன்றைய விளையாட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் நுணுக்கங்களெல்லாம் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே சாமுண்டேஸ்வரி சத்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் 1993-இல் மேஜிக் என்ற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்ததும் உலகமே அதைப் புதுமை என்றது. 2021-இல் அதே ஆட்டத்தில் கால்ட்ஹைம் என்று அந்த நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் கதைகளை வைத்து ஒரு தொகுதி வந்தது. வால்கிரிகள் அதிலும் பறக்கிறார்கள். அவர்கள் செய்ததை நான் குறைசொல்லவில்லை. பழைய தெய்வம், ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி, ஒரு படம், ஒரு விதி என்று அடுக்கி ஆட்டமாக்கும் யோசனை நம் ராஜாவுக்கு அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

தேவி மாகாத்மியத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சண்டன், முண்டன் தலைகளைக் கொண்டுவந்து கொடுத்ததால் காளிக்குச் சாமுண்டா என்று பெயர். ரக்தபீஜன் என்று ஒருவன். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் அங்கே இன்னொரு ரக்தபீஜன் எழுந்து நிற்பான். வெட்ட வெட்டப் பெருகுவான். அவனை எதிர்க்க மாதர்கள் வரிசையாக வருகிறார்கள். பிரம்மாணி அன்னத்தில், கையில் கமண்டலம். மாகேஸ்வரி காளைமேல், சூலம். கௌமாரி மயில்மேல், வேல். வைஷ்ணவி கருடன்மேல், சக்கரம். வராகி பன்றி முகத்தோடு. இந்திராணி யானைமேல், வஜ்ராயுதம். யாராலும் அவனை ஒழிக்க முடியவில்லை. காளி வாயைத் திறந்து ஒரு சொட்டும் கீழே விழாமல் குடித்த பிறகுதான் அவன் தீர்ந்தான். எலும்புக்கூட்டுப் படைக்கு எதிராக வால்கிரியை இறக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ரக்தபீஜனுக்கு எதிராகக் காளியைத்தான் இறக்க வேண்டும் என்பது புரியாதா? நான் சொன்னதும் அவன் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஏழு கன்னிமார் என்று செங்கலாக நட்டு வைத்திருக்கிறோமே, அவர்கள் வேறு யார்? மாமல்லபுரத்துக் குகைச்சுவரில் சிங்கத்தின்மேல் வில்லேந்திப் பாய்கிறவள் யார்? ஆட்டத்துக்கான ஆட்கள் அத்தனை பேரும் தயாராக இருக்கிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். பெரிய கைவினைப் பொருள் கடைதான். சந்தனம், ரோஸ்வுட் யானை, பட்டு எல்லாம் தாண்டி ஒரு மூலையில் கஞ்சிஃபா இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டச் சீட்டு. சிவப்புப் பின்னணியில் தேவி, ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு, பூ வேலை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் ஒரு சீட்டு, அல்லது நாலு சீட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள். பின்புறம் மாட்டுவதற்குக் கொக்கி. முழுக் கட்டு இருக்கிறதா என்றேன். ஆர்டர் கொடுத்தால் செய்து தருவார்களாம். ஆடுவதற்கு என்றேன். கடையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆடோக்கல்லம்மா, நோடோக்கே." விளையாடுவதற்கு இல்லையாம், பார்ப்பதற்காம்.

அவளைச் சொல்லி என்ன பயன்? அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதை யாரும் ஆடுவதற்கென்று கேட்டிருக்க மாட்டார்கள். எப்படி ஆடுவது என்று கேட்டதற்கு அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அடுத்த கடையிலும் தெரியவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மைசூர் கஞ்சிஃபா புவிசார் குறியீடு பெற்றது, பாரம்பரியக் கலை, அன்பளிப்புக்கு ஏற்றது என்றெல்லாம் அழகான எழுத்தில் இருந்தது. ஆட்டத்தில் யார் முதலில் இறங்குவார் என்று ஒரு வரி கிடையாது. ஒரு வீணையை வாங்கினால் அதை மீட்டக்கூடாது, சுவரில் மாட்டிவைக்க வேண்டும் என்று சொல்வதைப்போல் இருந்தது எனக்கு.

சித்திரக்காரர்களைக் குறைசொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கஞ்சிஃபா என்பதையே பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ரகுபதி பட் போன்றவர்கள் வாழ்நாளைக் கொடுத்திருக்காவிட்டால் இந்தக் கலை எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். தசாவதாரக் கட்டின் 120 சீட்டையும் நுண்ணிய தூரிகையில் ஒருவர் வரைந்தால் அதற்கு எவ்வளவு கேட்டாலும் தகும். அந்த விலையை நான் பேரம் பேசவில்லை. கையால் வரைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், கலைஞர் வீட்டில் அடுப்பெரியட்டும். பிள்ளைகளுக்கு அச்சடித்த கட்டு தனியாக வரக்கூடாதா? அச்சுக் கட்டில் ஆடிப் பழகிய பிள்ளைதான் நாளைக்குச் சம்பாதித்துக் கையால் வரைந்ததை வாங்கும். ஆடத் தெரியாத தலைமுறைக்கு அந்தச் சட்டத்துக்குள் இருப்பது வெறும் வட்டப் படம். ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சகம் இருக்கும் ஊர் இது. நாடு முழுக்கச் செல்லும் ரூபாய் நோட்டு இங்கே அச்சாகிறது. 120 வட்ட அட்டை அச்சிட இந்த ஊரில் ஆளில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

சாமி படத்தைப் போட்ட சீட்டைத் தரையில் போட்டு ஆடுவது பாவம் இல்லையா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் சொன்னேன்: மாமி, சாமுண்டிக்கு நம்மைவிடப் பெரிய பக்தர் அந்த ராஜா. அவரே அவள் பெயரில் ஆட்டம் வகுத்தார். ஒடிசாவில் தசாவதாரச் சீட்டை இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் மரத்தடியில் ஆடுகிறார்கள். பெருமாளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சூது வளரும் என்று மாமா சொன்னார். சூது காசில் இருக்கிறது, சீட்டில் இல்லை. காசு வைத்து ஆடும் ரம்மி செயலிகளுக்கு விளம்பரம் ஓடியபோது வாயைத் திறக்காதவர்கள் கஞ்சிஃபாவைக் கண்டு பயப்படுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதைவிட என்னை எரியவைப்பது ஒன்று இருக்கிறது. இந்தச் சத் ஆட்டங்களெல்லாம் மும்மடி உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்ற பெரிய நூலில் இருக்கின்றன. சக்தி நிதி, விஷ்ணு நிதி, சிவ நிதி என்று தொடங்கி ஒன்பது பகுதிகள். ஒன்பதாவது கௌதுக நிதி. எந்தத் தெய்வம், என்ன நிறம், என்ன ஆயுதம் என்று சீட்டுகளைப் பற்றிய விவரம் அதில்தான் வருகிறது. அதே கௌதுக நிதியில் 122 யோகாசனப் படங்களும் இருக்கின்றன. நார்மன் ஸ்யோமன் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஆசனப் பக்கங்களை 1996-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க யோகா படிப்பவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். எங்கள் ஊர் கோகுலம் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை நாட்டுக்காரர்கள்! வாடகை வீடு, இளநீர்க் கடை, காபிக் கடை என்று ஒரு பேட்டையே அதை நம்பிப் பிழைக்கிறது. ஒரே ராஜா, ஒரே நூல், ஒரே பகுதி. ஆசனம் இருந்த பக்கங்கள் உலகம் சுற்றி வந்துவிட்டன. சீட்டு இருந்த பக்கங்களை மட்டும் யாரும் புரட்டவில்லை. அந்த நூலின் சுவடிப் பிரதி ஒன்று எங்கள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆராய்ச்சி நிலையத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்.

கஞ்சிஃபாவை ஊன்றி ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? ருடால்ஃப் வான் லேடன். ஜெர்மனியிலிருந்து வந்து பம்பாயில் வாழ்ந்தவர், கார்ட்டூன் போட்டவர். 1982-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தியச் சீட்டுகளுக்கென்றே கண்காட்சி நடந்தபோது அதற்கு நூல் எழுதியவர் அவர்தான். அவருக்கு ஒரு கும்பிடு. ஆனாலும், மைசூர்ச் சீட்டைப் பற்றி மைசூர்க்காரி தெரிந்துகொள்ள லண்டனில் வந்த புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

ஆட்டம் கடினமா என்றால், இல்லை. சத் வகை பெரியவர்களுக்கானது என்று வைத்துக்கொண்டாலும், எளிய தசாவதாரக் கட்டு இருக்கிறதே. பத்து அவதாரம், பத்து ரகம். ஒவ்வொன்றிலும் ராஜா, மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து வரை. ஆக 120. மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 40 சீட்டு. துருப்பு கிடையாது. இறங்கிய ரகத்தில் பெரிய சீட்டை வைத்தவர் அந்தக் கையை எடுத்துக்கொள்வார். பாதி ரகங்களில் பத்து பெரிது. மீதிப் பாதியில் வரிசை தலைகீழாகி ஒன்று பெரிதாகிவிடும். இதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள். பகலில் ஆடினால் ராமன் சீட்டு வைத்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும், இரவில் ஆடினால் கிருஷ்ணன் சீட்டு வைத்திருப்பவர். சூரிய குலத்தவனுக்குப் பகல், சந்திர குலத்தவனுக்கு இரவு. பொழுது சாய்ந்தால் ஆட்டத்தின் தலைவனே மாறிப்போகும் இந்த அழகு எந்த போன் விளையாட்டில் இருக்கிறது? பேரனிடம் இதைச் சொன்னபோது, "சாயங்காலம் நடுவுல ஆடினா யாரு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்லத் தெரிந்த ஒருவரையும் என்னால் பிடிக்க முடியவில்லை.

மற்ற ஊர்களும் திண்டாடிக்கொண்டுதான் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சாவந்த்வாடி அரச குடும்பம் 1970-களில் இந்தக் கலையைக் கைகொடுத்துத் தூக்கியது. வங்காளத்தில் விஷ்ணுபூரில் ஃபௌஸ்தார் குடும்பத்தார் இன்னும் வரைகிறார்கள். பாபர் 1527-இல் சிந்துப் பக்கம் ஒரு நண்பருக்குச் சீட்டு அனுப்பியது முதல் அக்பரின் 144 சீட்டுக் கட்டு வரை வரலாறு எழுதியிருக்கிறது. பலகை விளையாட்டுகளுக்கு ஓரளவு நல்ல காலம் வந்திருக்கிறது. சென்னையில் கிரீடா நிறுவனம் பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் திரும்ப வீடுகளுக்குள் கொண்டுவந்தது. எங்கள் ஊரிலேயே ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய பலகை ஆட்டங்களுக்குக் கண்காட்சி நடத்தியிருக்கிறது. அங்கே காய்களை வாங்கி வந்து வீட்டில் ஆடலாம், ஆடியும் இருக்கிறோம். பலகைக்கு முடிந்தது சீட்டுக்கு ஏன் முடியாது?

தசரா வருகிறது. தொட்டகெரே மைதானத்துக் கண்காட்சி வாரக்கணக்கில் நடக்கும். அப்பளமும் ராட்டினமும் அரசுத் துறைகளின் அரங்குகளும் எப்போதும்போல் இருக்கும். அங்கே ஒரு மூலையில் பாய் விரித்து, ஆடத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சுற்றுலாத் துறை செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும், யார் செய்தாலும் சரி. கௌதுக நிதியின் சீட்டுப் பக்கங்களைக் கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் எளிய நடையில் எழுதி, படத்தோடு மலிவுப் பதிப்பாகப் போட வேண்டும். சாமுண்டேஸ்வரி சத் வேண்டும், தசாவதாரம் வேண்டும். கட்டு அச்சாகத் தாமதமானால் ஆகட்டும், முதலில் ஆடும் விதியை மட்டுமாவது ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அட்டையை நாங்கள் வெட்டிக்கொள்கிறோம். என் பேரன் ஏற்கெனவே கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, டவரா விளிம்பை வைத்து வட்டம் போட்டு வெட்ட ஆரம்பித்துவிட்டான். காளி நாய்க்கு வால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.